தேவகோட்டை வீட்டுக்கும் காரைக்குடி ஆபீசுக்கும் எந்த இண்டர்நெட் போன் அடாப்டர்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டையில் பழைய காலத்து வீடு. 78 வயது ஆச்சி அங்கே இருக்கிறார், துணைக்கு ஒரு அம்மா. செல்போன் அவருக்குக் கடைசிவரை கைக்கு வரவில்லை. 04561 என்று தொடங்கும் பழைய நம்பர் காப்பர் லைனில் இருந்தது; இப்போது ஃபைபருக்கு மாற்றிவிட்டார்கள். ஆச்சியின் மூத்த மகன் சென்னையில், அவர் தம்பி சிங்கப்பூரில். காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸ். அங்கே இண்டர்காம் பெட்டி, நாலு போன், ஒரு ஃபேக்ஸ். "இண்டர்நெட் போன் அடாப்டர் ஒன்று வாங்கிப் போடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று தம்பி சொல்கிறார். எந்த மாடல், எத்தனை போர்ட் (போன் சொருகும் ஓட்டை), 'லைன்' என்று எழுதிய ஓட்டை இருக்கும் பெட்டியா இல்லாத பெட்டியா என்று மூத்தவர் கேட்கிறார்.

நான் காரைக்குடியில் போன் வயரிங்கும் நெட்வொர்க்கும் பார்க்கிறவன். உங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளில் நிறைய வயர் இழுத்திருக்கிறேன், அதைவிட நிறைய வயரைக் கழற்றியும் இருக்கிறேன். என் பதில் இதுதான்: பழைய நம்பருக்காக நீங்கள் எந்தப் பெட்டியும் வாங்க வேண்டியதில்லை. தம்பியோடு ஆச்சி பேசுவதற்கு ஒரு போர்ட் அடாப்டர் போதும். ஆபீசுக்கு நாலு போர்ட் தேவையே இல்லை.

எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அடாப்டருக்குள் நம்பர் கிடையாது. செல்போன் வாங்கினால் சிம் தனியாக வாங்குகிறோம் இல்லையா, அது மாதிரி. அடாப்டரின் வேலை இவ்வளவுதான்: பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச் கொடுத்துவந்த 48 வோல்ட்டைக் கொடுக்கும், ரிசீவரை எடுத்தால் டயல் டோன் போடும், கால் வந்தால் மணி அடிக்க 70, 80 வோல்ட் ஏசி அனுப்பும், பேச்சை எண்களாக்கி இண்டர்நெட்டில் விடும். எந்த நம்பருக்காக இதையெல்லாம் செய்கிறது என்பதை வெளியே ஒரு சர்வர் முடிவு செய்கிறது. அந்த சர்வரில் உங்களுக்கு ஒரு கணக்கு, அதற்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு வேண்டும். சிப் (SIP) கணக்கு என்பார்கள். அது கையில் இல்லாமல் அடாப்டர் வாங்கினால் மேசைமேல் பச்சை விளக்கு எரியும், அவ்வளவே.

ஆகவே முதலில் ஃபைபர் மோடத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். வரிசையாக நாலு லேன் ஓட்டை, அதாவது நெட் கேபிள் சொருகும் ஓட்டை, இருக்கும். அதன் பக்கத்தில் அவற்றைவிடச் சின்னதாக ஒன்றோ இரண்டோ ஓட்டை இருக்கும். 'டெல்', 'போன்', 'பாட்ஸ்' என்று ஏதாவது எழுதியிருப்பார்கள். சாதாரண போன் வயரின் நுனி அதில் 'டிக்' என்று உட்காரும். பி.எஸ்.என்.எல், ஜியோ, ஏர்டெல் மூன்றிலும் வீட்டு ஃபைபரோடு லேண்ட்லைன் நம்பர் கொடுக்கிறார்கள். அது அந்தச் சின்ன ஓட்டையில்தான் வருகிறது. அதாவது அந்த மோடத்துக்குள்ளேயே ஒரு அடாப்டர் இருக்கிறது. ஒருவர் ஆன்லைனில் அடாப்டர் வாங்கி, அதோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், மோடத்தின் போன் ஓட்டைமேல் யாரோ வைஃபை பாஸ்வேர்டு ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். உரித்துவிட்டுப் போனைச் சொருகினேன், டயல் டோன் வந்தது. அவர் வாங்கிய பெட்டி இன்னும் என் அலமாரியில் தூங்குகிறது.

அந்த நம்பரைத் தனி அடாப்டரில் போட்டுக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வீட்டு இணைப்புகளுக்கு அந்த சிப் பாஸ்வேர்டை கம்பெனிகள் பெரும்பாலும் வெளியே தருவதில்லை. மோடத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பார்கள். அதனால் 04561 நம்பர் மோடத்திலிருந்தே ஒலிக்கட்டும். அதை வீட்டுக்குள் எங்கே கொண்டுபோவது என்பதுதான் உங்கள் வேலை. அதற்கு உங்கள் வீட்டிலேயே வழி இருக்கிறது.

செட்டிநாட்டு வீட்டைப் பற்றி உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் மோடம் வைத்தால் வளவு என்கிற உள்முற்றம் தாண்டுவதற்குள் வைஃபை மூச்சு வாங்கும், அதற்கும் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்குப் போகாது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் கனம் அப்படி. ஆனால் போன் வயர் அதே சுவரைச் சுற்றிக்கொண்டு முப்பது வருடமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. லேன் கேபிளுக்கு 100 மீட்டர் கணக்கு. போன் வயர் அதைப் போலப் பல மடங்கு தூரம் சளைக்காமல் போகும். உங்கள் வீடு எவ்வளவு நீளம் என்றாலும் அதற்குள் அடங்கும். புதிதாகச் சுவரைக் குடைய வேண்டாம், தேக்குச் சட்டத்தில் ஆணி அடிக்கவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. வாசல் பக்கம், வெளியிலிருந்து பழைய லைன் உள்ளே வரும் இடத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பா இருக்கும், வெயிலில் மஞ்சளாகியிருக்கும். ரோசெட் என்போம். மூடியைத் திறந்தால் இரண்டு திருகு. தெருவிலிருந்து வரும் ஒரு ஜோடி வயரும் வீட்டுக்குள் போகும் ஒரு ஜோடி வயரும் அந்த இரண்டு திருகிலும் சேர்ந்து மாட்டியிருக்கும். தெருவிலிருந்து வரும் ஜோடியை முதலில் கழற்றி, நுனி இரண்டையும் தனித்தனியாக டேப் சுற்றி, டப்பாவுக்கு வெளியே விட்டுவிடுங்கள். லைன்தான் செத்துவிட்டதே, ஏன் கழற்ற வேண்டும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் எப்போதாவது யாராவது ஒரு ஜோடியில் மின்சாரம் விட்டால், அல்லது மழைநாளில் இடி அதன்வழி வந்தால், அது நேராக மோடத்துக்குள் போகும். அடாப்டரோ மோடமோ தானே 48 வோல்ட் கொடுக்கிற சாதனம். இன்னொரு 48 வோல்ட் எதிரே வந்தால் உள்ளே இருக்கும் சில்லு போய்விடும்.

அதைக் கழற்றிய பிறகு, மோடத்தின் போன் ஓட்டையிலிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து அதே இரண்டு திருகில் மாட்டினால் வீட்டிலுள்ள எல்லாப் பழைய ஜாக்கிலும் டயல் டோன் வந்துவிடும். பழைய பிராட்பேண்ட் காலத்து ஸ்ப்ளிட்டர் (போனையும் நெட்டையும் பிரிக்கும் சின்ன டப்பா) எங்கேயாவது தொங்கிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இனி அதற்கு வேலை இல்லை. இன்னொன்று, இந்த வேலையைச் செய்யும்போது மோடத்தை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கையில் வயரைப் பிடித்திருக்கும்போது யாராவது கால் பண்ணினால் அந்த மணி உங்கள் விரலில் அடிக்கும்.

எத்தனை போன் மாட்டலாம்? பெட்டி கொடுக்கும் மணிச் சக்திக்கு ஒரு அளவு உண்டு. ரென் என்று ஒரு எண்ணால் சொல்வார்கள். சில பெட்டிகள் 2, சில 5. இன்றைய எலக்ட்ரானிக் மணி போன் ஒன்று பெரும்பாலும் ஒரு ரென்னில் பாதியைக்கூடத் தின்னாது. ஆனால் உள்ளே இரண்டு வெண்கலக் கிண்ணம் வைத்த பழைய போன் ஒன்றே ஒரு முழு ரென் எடுக்கும், சில நேரம் அதற்கு மேலும். முகப்பில் ஒன்று, இரண்டாங்கட்டில் ஒன்று என்றால் கவலையில்லை. அறைக்கு அறை வைத்தால் மணி முனகும், அப்புறம் நின்றே போகும்.

கிண்ணம் வைத்த போன் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் கறுப்பு நிற டயல் சுற்றும் போன்களை வாங்கிக்கொண்டு, "இதை வேலை செய்ய வைக்க முடியுமா?" என்று மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். முடியும், ஆனால் எல்லாப் பெட்டியிலும் முடியாது. அந்த டயலைச் சுற்றிவிட்டால் திரும்பி வரும்போது லைனை 'டக் டக்' என்று துண்டிக்கும். 3 என்றால் மூன்று முறை, 0 என்றால் பத்து முறை. இதற்குப் பல்ஸ் டயலிங் என்று பெயர். இப்போதைய பெட்டிகளில் பல, அமுக்குப் பட்டன் போடும் ஒலியை மட்டுமே புரிந்துகொள்ளும். அவற்றில் கறுப்பு போனுக்கு மணி அடிக்கும், பேச முடியும், ஆனால் டயல் செய்ய முடியாது. கிராண்ட்ஸ்ட்ரீம் கம்பெனி அடாப்டர்களில் ஹெச்.டி.801 (ஒரு போர்ட்), 802 (இரண்டு போர்ட்) இரண்டிலும் செட்டிங்கில் பல்ஸ் டயலிங்கை 'ஆம்' என்று மாற்றினால் எடுத்துக்கொள்ளும். பெட்டி வரும்போது அது 'இல்லை' என்றுதான் இருக்கும். கடையில் வாங்கும்போது போனின் அடிப்பாகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே பெங்களூரு ஐ.டி.ஐ தயாரிப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். பித்தளைப் பளபளப்போடு 'ராஜா காலத்துப் போன்' என்று விற்பது பெரும்பாலும் போன வருடம் செய்தது. உள்ளே மெல்லிசான பட்டன் போர்டு இருக்கும்.

சரி, இப்போது தம்பி விஷயம். சிங்கப்பூரிலிருந்து ஆச்சியிடம் தினமும் பேச வேண்டும், காசு ஆகக்கூடாது. இதற்கு நம்பரே தேவையில்லை. ஒரே சிப் சேவையில் மூன்று கணக்கு: ஆச்சிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று. ஆச்சி வீட்டில் ஒரு போர்ட் அடாப்டர், தம்பி வீட்டில் அதே மாதிரி இன்னொன்று, உங்கள் செல்போனில் ஒரு சிப் ஆப். மூன்றும் ஒரே வீட்டு இண்டர்காம் போல ஒன்றையொன்று கூப்பிடும். முழுக்க இண்டர்நெட்டுக்குள்ளேயே நடப்பதால் நிமிடக் கட்டணம் எதுவும் கிடையாது. இலவசமாக சிப் கணக்கு கொடுக்கும் சேவைகள் உண்டு, லின்ஃபோன் அதில் ஒன்று. கணக்கின் பெயரை எண்ணிலேயே வாங்குங்கள். போனில் எழுத்தை டயல் செய்ய முடியாது என்பது கணக்கு திறக்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது வேறு. சாதாரணப் போனிலிருந்து வெளியாள் யாரும் அந்தப் போனுக்குக் கூப்பிட முடியாது. "பேங்கிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கம்மா" என்று எவனும் வர மாட்டான். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இது பெரிய நிம்மதி. ஆச்சியிடம் சொல்லி வையுங்கள்: முகப்புப் போன் ஊருக்கு, கட்டில் பக்கத்துப் போன் பிள்ளைகளுக்கு.

கட்டில் பக்கத்துப் போனுக்கு இன்னொரு வசதி செய்யலாம். அடாப்டர் செட்டிங்கில் 'ஆஃப்ஹுக் ஆட்டோ டயல்' என்று ஒன்று இருக்கும். ரிசீவரை எடுத்துச் சும்மா காதில் வைத்தால், சில நொடியில் தானாக உங்களுக்குக் கால் போகும். அந்த நொடிகளுக்குள் அவர் 2 அழுத்தினால் தம்பிக்குப் போகிற மாதிரியும் எழுதலாம். கண் தெரியாவிட்டாலும், நம்பர் மறந்துவிட்டாலும், ரிசீவரை எடுத்தால் பிள்ளை பேசுவான். எங்கள் அப்பத்தாவுக்கு இதைச் செய்து கொடுத்தேன். முதல் வாரம் தூசி துடைக்க ரிசீவரை எடுத்தபோதெல்லாம் எனக்கு மணி அடித்தது. இடைவெளியை எட்டு நொடி ஆக்கினேன், சரியாகிவிட்டது.

அடாப்டரில் வைஃபை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலானவற்றில் லேன் ஓட்டை மட்டும்தான். அதனால் அடாப்டர் மோடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அங்கிருந்து கட்டில்வரை போன் வயர் போகட்டும். வீட்டில் ஏற்கனவே இருக்கும் வயரில் நாலு கம்பி இருந்தால் அதிர்ஷ்டம்: இரண்டில் 04561, மிச்சம் இரண்டில் இது. இரண்டு கம்பிதான் என்றால் இன்னொரு வயர் இழுக்க வேண்டும்.

தம்பி இன்னொன்றும் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் 'லைன்' ஓட்டை பற்றி நீங்கள் கேட்டது அதனால்தான். அடாப்டரில் 'போன்' என்று எழுதியது போனுக்கு மின்சாரம் கொடுக்கும் ஓட்டை; எஃப்.எக்ஸ்.எஸ் என்பார்கள். 'லைன்' என்று எழுதியது, வெளியிலிருந்து வரும் எக்ஸ்சேஞ்ச் லைனை வாங்கிக்கொள்ளும் ஓட்டை; எஃப்.எக்ஸ்.ஓ. கிராண்ட்ஸ்ட்ரீமில் ஹெச்.டி.813 இரண்டும் உள்ள பெட்டி. இதை தேவகோட்டை லைனில் மாட்டிவிட்டால், சிங்கப்பூரிலிருந்து இண்டர்நெட் வழியாக உள்ளே வந்து, 04561 நம்பரிலிருந்து உள்ளூர்க் கட்டணத்தில் ஊர் முழுக்கக் கூப்பிடலாம் என்பதுதான் அவர் யோசனை. வேலை செய்யும், ஆனால் செய்யக்கூடாது. வெளிநாட்டிலிருந்து இண்டர்நெட்டில் வரும் காலை இந்திய போன் லைனில் இறக்கிவிடுவது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச் நடத்துவதாகவே கொள்ளப்படும். நாலைந்து சொந்தக்காரர்களுக்காகச் செய்தேன் என்று சொல்லி, 78 வயது ஆச்சி பெயரில் இருக்கும் லைனை அந்த வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

சட்டம் இண்டர்நெட் போனுக்கே எதிரி என்று பயப்பட வேண்டாம். 2002 ஏப்ரல் 1 முதல் இங்கே இண்டர்நெட்டில் பேசலாம், இங்கிருந்து வெளிநாட்டு போனுக்கும் கூப்பிடலாம். 2018இல், லைசென்ஸ் உள்ள டெலிகாம் கம்பெனிகள் இண்டர்நெட் வழியாகவே இந்திய நம்பர் கொடுக்கலாம் என்று வழி திறந்தது. அந்த வருடமே பி.எஸ்.என்.எல் 'விங்ஸ்' என்று ஒரு சேவையைக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட கம்பெனியிடம் ஆதாரம் கொடுத்து வாங்கிய நம்பரை அடாப்டரில் போடுவது முறையானது. இரண்டு உலகத்தையும் உங்கள் வீட்டு மேசையில் முடிச்சுப் போடுவதுதான் தப்பு. ஆக, வீட்டுக்கு 'லைன்' ஓட்டை வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சொந்தக்காரர் பெட்டியில் வரும் பழைய அடாப்டரும் வேண்டாம். அங்கே ஒரு போன் கம்பெனி அதை மாதச் சந்தாவோடு கொடுத்திருக்கும். அந்தக் கம்பெனியின் சர்வரைத் தவிர வேறெங்கும் போகாதபடி பூட்டியிருக்கும். வாங்குவதற்கு முன் 'அன்லாக்டு' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழையது வாங்குவதென்றால், விற்பவர் கண்முன் அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்து காட்டட்டும்.

இனி மின்சாரம். காப்பர் லைனில் கரண்ட் போனாலும் போன் பேசியது. எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரி அந்த 48 வோல்ட்டை ஊர் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தது. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் கரண்ட் வராது. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திச் சாயங்காலம் கொடுக்கிறார்களே, அன்றைக்கு மோடமும் அடாப்டரும் செத்துக் கிடக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக் பாயிண்டை இன்வெர்ட்டர் லைனில் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ் வாங்குங்கள். அதில் கவனிக்க வேண்டியது: மோடம் பெரும்பாலும் 12 வோல்ட் கேட்கும், ஒரு போர்ட் அடாப்டர்கள் சில 5 வோல்ட் கேட்கும். இரண்டும் வெளிவரும் யு.பி.எஸ்ஸாகப் பாருங்கள். மாற்றிச் சொருகினால் 5 வோல்ட் பெட்டி புகையும். இவ்வளவு செய்தாலும் ஒரு சாதாரண பட்டன் செல்போனை சார்ஜ் போட்டுத் துணைக்கு இருக்கும் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். 112க்கு அவசரமாகக் கூப்பிட அந்தக் கட்டில் போன் உதவாது.

வாங்கி மாட்டிய பிறகு வரும் தொல்லைகளில் மூன்று, நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை.

ஒன்று, ஒருபக்கம் மட்டும் கேட்பது. "நீ பேசுறது கேக்குது, நான் பேசுறது உனக்குக் கேக்கலையா?" என்று ஆச்சி கத்திக்கொண்டிருப்பார். ஸ்பீடு குறைவு என்று நினைத்துப் பெரிய பிளானுக்கு மாறாதீர்கள். ஒரு பேச்சுக்குத் தேவை நொடிக்கு 87 கிலோபிட் சுமார், அதுவும் எக்ஸ்சேஞ்ச் தரத்துக்கு இணையான ஜி.711 என்ற பேச்சு முறையில். குறைந்தபட்ச ஃபைபர் பிளானிலும் பத்து பேர் ஒரே நேரத்தில் பேசலாம். கோளாறு மோடத்தில் இருக்கும் 'சிப் ஏ.எல்.ஜி' என்ற ஒரு உபகாரி. பேச்சுப் பாக்கெட்டின் விலாசத்தைத் திருத்தி உதவுகிறேன் என்று உள்ளே நுழைந்து கெடுத்துவிடும். அதை அணையுங்கள். முக்கால்வாசி இதில் முடிந்துவிடும்.

இரண்டு, ராத்திரி மணி. ஒரு வீட்டில் ஆச்சி மூன்று நாள் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு போன் அடிக்கிறது, எடுத்தால் ஆள் இல்லை, திரையில் 100 அல்லது 1001 என்று வருகிறது. செத்துப்போன ஐயா கூப்பிடுகிறார் என்று வேலைக்காரம்மா திருநீறு பூசிவிட்டார். இண்டர்நெட்டில் திறந்த சிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஊர் ஊராகக் கதவைத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் உண்டு. 5060 என்ற போர்ட்டில் தட்டும் (இது போன் சொருகும் ஓட்டை அல்ல, நெட்டில் ஒரு கதவு எண் மாதிரி). நம் பெட்டி அதைக் கால் என்று நம்பி மணி அடிக்கும். செட்டிங்கில் 'சிப் சர்வரிலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்றுக்கொள்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதை 'ஆம்' ஆக்குங்கள்; 5060ஐ வேறு எண்ணாக மாற்றுங்கள். கையோடு பெட்டியின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் வரும்போதே இருக்கும் 'அட்மின், அட்மின்' எல்லாத் திருடனுக்கும் தெரியும். காசு போட்டுப் பேசும் கணக்கு என்றால் ஒரே ராத்திரியில் யாரோ எங்கேயோ பேசிக் காலி செய்துவிடுவார்கள்.

மூன்றாவது, டயல் செய்த பிறகு கொஞ்ச நேரம் கல் மாதிரி இருப்பது. நீங்கள் இன்னும் எண் அழுத்துவீர்களோ என்று பெட்டி நாலு நொடி காத்திருக்கும். கடைசியில் '#' அழுத்தினால் உடனே போகும். ஆச்சிக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதைவிட டயல் பிளானில், அதாவது எந்த எண் அழுத்தினால் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங்கில், எழுதிவிடுவது நல்லது. லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு முன்னால் 0 போட வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் கட்டாயம். ஆபீஸ் அடாப்டரில் இந்திய நம்பர் போடுவதாக இருந்தால், பத்து எண் அழுத்தினால் பெட்டியே முன்னால் 0 சேர்க்கும்படி எழுதலாம்.

கூப்பிடுகிறவர் நம்பர் திரையில் வரவில்லை என்றால் போன் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பெட்டி அமெரிக்க முறையில் நம்பரை அனுப்பும். நம் ஊர் போன்களில் பல டி.டி.எம்.எஃப் முறையில், அதாவது அமுக்குப் பட்டன் ஒலியாக, வந்ததைத்தான் படிக்கும். காலர் ஐடி முறையை மாற்றிப் பாருங்கள்.

ஆபீசுக்கு வருவோம். நாலு போன் இருப்பதால் நாலு போர்ட் அடாப்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த நாலு போனும் ஏற்கனவே இண்டர்காம் பெட்டியில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் கழற்றவே வேண்டாம். இண்டர்காம் பெட்டியில் 'ட்ரங்க்' அல்லது 'சி.ஓ' என்று ஒன்றிரண்டு ஓட்டை இருக்கும். முன்பு எக்ஸ்சேஞ்ச் லைன் அங்கேதான் வந்தது. அடாப்டரின் 'போன்' ஓட்டையிலிருந்து ஒரு வயரை அதில் சொருகுங்கள். இண்டர்காமுக்கு அது எக்ஸ்சேஞ்ச் லைன் மாதிரியே தெரியும். ஒரு நேரத்தில் வெளியே எத்தனை பேர் பேசுவார்கள் என்பதுதான் கணக்கு. உங்கள் அளவு ஆபீசுக்கு இரண்டு போதும். ஹெச்.டி.802 இரண்டு போர்ட், அது சரியாக இருக்கும். ஆபீஸ் ஃபைபர் மோடத்தின் போன் ஓட்டையிலும் ஒரு நம்பர் வருகிறதென்றால், அதை ஒரு ட்ரங்கிலும் ஒரு போர்ட் அடாப்டரை இன்னொன்றிலும் சொருகி முடித்துவிடலாம், செலவு இன்னும் குறையும்.

இங்கே செய்யக்கூடாதது ஒன்று. இண்டர்காமின் எக்ஸ்டென்ஷன் ஓட்டையில் அடாப்டரின் 'போன்' ஓட்டையைச் சொருகாதீர்கள். இரண்டுமே மின்சாரம் கொடுக்கும் பக்கம். ஏதாவது ஒன்று போய்விடும். எக்ஸ்டென்ஷனோடு சேர வேண்டியது 'லைன்' ஓட்டை. உங்களுக்கு அந்தத் தேவையும் இல்லை. அதில் வேறொரு தலைவலியும் உண்டு: எதிர்முனை போனை வைத்துவிட்டது என்பதைப் பெட்டி பிஸி டோனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம். அமெரிக்கக் கணக்கிலேயே விட்டுவிட்டால் லைன் விடுபடாமல் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னும் சில வருடத்தில் ஆபீஸ் பெரிதாகும், இண்டர்காம் பெட்டியும் வயதாகிவிட்டது என்றால் அடாப்டரில் காசு போடாமல் நேராக ஐ.பி போன்களுக்கு (அடாப்டர் இல்லாமல் லேன் கேபிளில் மாட்டும் போன்கள்) போய்விடுங்கள். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்குகிறவர்களுக்கு நான் எதிர்மாறாகச் சொல்வேன்: சுவரைத் தொட முடியாத வீட்டில் பழைய போன் வயரை வைத்துக்கொண்டு எட்டு போர்ட் பெட்டி ஒன்றை முகப்பில் வைப்பதே சுத்தமான வேலை.

ஃபேக்ஸ் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனசில்லை. இண்டர்நெட்டில் ஃபேக்ஸ் அனுப்ப உதவும் டி.38 என்ற வசதியை அடாப்டரும் சேவை கொடுக்கும் கம்பெனியும் இரண்டும் வைத்திருந்தால் போகும். வேகத்தை 9600க்கு இறக்கினால் இன்னும் கொஞ்சம் நன்றாகப் போகும். இருந்தாலும் நாலாவது பக்கத்தில் அறுந்துவிடும். ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புங்கள். பேங்க் ஃபேக்ஸ்தான் கேட்கிறது என்றால் அதை மட்டும் ஃபைபர் மோடத்தின் போன் ஓட்டையில் நேரடியாகப் போட்டுப் பாருங்கள், அடாப்டர் வழியாக வேண்டாம்.

உங்கள் பட்டியல் இப்படி வருகிறது. தேவகோட்டைக்கு ஒரு ஹெச்.டி.801, தம்பிக்கு அதே மாடல் ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே பெட்டி என்றால் ஒரு பக்கத்து செட்டிங்கைப் பார்த்து இன்னொரு பக்கத்தைப் போனிலேயே சொல்லிச் சரி செய்யலாம். ஆபீசுக்கு ஒரு ஹெச்.டி.802, அதுவும் லைசென்ஸ் உள்ள கம்பெனியிடம் நம்பர் எழுதி வாங்கிக் கையில் பாஸ்வேர்டு வந்த பிறகு. வேறு கம்பெனிப் பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கலாம். பல்ஸ் டயலிங், ஆட்டோ டயல், சர்வரை மட்டும் நம்பும் வசதி மூன்றும் அதில் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு எடுங்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது திருப்புளி ஒன்றும் இன்சுலேஷன் டேப் ஒன்றும் கொண்டுவாருங்கள். ரோசெட் டப்பாவைத் திறப்பதற்கு முன் அதைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தக் கம்பி எந்தத் திருகில் இருந்தது என்பதற்கு. உள்ளே நாலு கம்பிக்கு மேல் இருந்தால் தொடாமல் அந்தப் படத்தை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.